வைக்கோல் திருத்திய பரீட்சை

என் வாழ்க்கையில் ஒரே ஒரு கல்விச் சீர்திருத்தத்தில் நான் பங்கெடுத்திருக்கிறேன். அதன் பலனாக அறுபது குழந்தைகள் எழுதிய விடைகளை வைக்கோல் தின்றுவிட்டது. மாடு தின்றிருந்தாலாவது பால் கொஞ்சம் கூடியிருக்கும்.

மேட்டூர் அணை கட்டி முடித்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம். எருமப்பட்டியிலிருந்து மாட்டு வண்டியில் ஒரு மணி நேரம் போனால் வரும் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் நான் ஐந்தாம் வகுப்பு வாத்தியார். வகுப்பும் புதிது, நானும் புதிது. நாலாம் வகுப்போடு நின்றிருந்த பள்ளிக்கூடத்துக்கு ஊர்க்காரர்கள் மனுவுக்கு மேல் மனுப் போட்டு, ஒரே ஒரு வருஷம் பார்க்கலாம் என்ற பேரில் ஐந்தாம் வகுப்பை வாங்கியிருந்தார்கள். டிப்டி இன்ஸ்பெக்டர் போட்ட நிபந்தனை இது: வருஷக் கடைசிப் பரீட்சையில் பாதிக்கு மேல் பாஸாக வேண்டும், இல்லாவிட்டால் வகுப்பை எடுத்துவிடுவார்கள். வகுப்பில் ஏழு பேர். நாலு பேர் பாஸானால் வகுப்பு உண்டு, நானும் உண்டு. மூன்றே பேர் என்றால் நான் சேலத்துக்கு, என் மாமனாரின் ஜவுளிக்கடைக்குத் திரும்ப வேண்டும்.

அந்தக் கடையில் நான் ஏற்கெனவே இரண்டு வருஷம் இருந்தவன். வேட்டி கேட்டு வந்தவர்களிடம் வேட்டியின் பூர்வோத்தரத்தை விளக்கி, அவர்கள் எதிர்க்கடைக்குப் போவதைப் புத்தகமும் கையுமாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் மாமனார், "மாப்பிள்ளைக்கு நல்ல வாய் இருக்கு. காசு கொடுக்காதவங்ககிட்டப் பேசற வேலையாப் பார்த்தா தேவலை" என்றார். அப்படித்தான் நான் ஆசிரியனானேன்.

அந்த வருஷம் டிப்டி இன்ஸ்பெக்டரிடமிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. அதுவரை ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் அந்தந்த வாத்தியாரே கேள்வி கேட்டு, அவரே திருத்தி, அவரே பாஸ் போட்டுக்கொள்வது வழக்கம். பிள்ளைக்கு என்ன தெரியுமோ அதைத்தான் கேட்போம். எல்லோருக்கும் நிம்மதி. இனி அப்படிக் கூடாது, சுற்று வட்டாரத்து ஆறு பள்ளிக்கூடங்களின் ஆசிரியர்களும் ஒன்றுகூடிப் பொதுவான கேள்விகள் தயாரிக்க வேண்டும், ஒருவர் பிள்ளைகளை இன்னொருவர் திருத்த வேண்டும் என்று சுற்றறிக்கை சொன்னது.

ஒரு சனிக்கிழமை ஆறு பேரும் கூடினோம். தலைமை வகித்தவர் பெரிய வாத்தியார். கூட்டம் நடந்த பள்ளிக்கூடமே அவருடையதுதான். மூக்குப்பொடி போடுவதற்கு முன் ஒரு கருத்தும் போட்ட பின் அதற்கு நேர்மாறான கருத்தும் சொல்லும் பெருந்தன்மையுள்ளவர். அடுத்து, சந்தை கூடும் ஊர் ஒன்றிலிருந்து வந்த பாய் வாத்தியார். வியாபாரக் குடும்பம், எதையும் பேசி முடித்துவிடலாம் என்று நம்புகிறவர். அடுத்து, பெண்கள் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா. எதையும் பேசி முடிக்க முடியாது, செய்துதான் முடிக்க வேண்டும் என்று நம்புகிறவர். மற்ற இரண்டு பேரும் கடைசியாகப் பேசியவரை ஆமோதிப்பவர்கள். ஆறாவது ஆள் நான்.

ஆளுக்கு இரண்டு கேள்வி சொல்வது என்று முடிவாயிற்று. பெரிய வாத்தியார் முதலில் சொன்னார்: "கொல்லிமலை எந்தத் திசையில் உள்ளது?"

"கிழக்கே" என்றார் பாய் வாத்தியார்.

"அட, வடக்கேங்க" என்றேன் நான்.

"நேத்து சாயங்காலம்கூடப் பார்த்தேன், கிழக்கேதான் இருந்துச்சு."

"உங்க ஊர்ல இருந்து பார்த்தா கிழக்கே. எங்க ஊருக்கு வந்து பாருங்க."

"மலையைப் பார்க்க உங்க ஊருக்கு எதுக்குங்க வரணும்? எங்க ஊர்லயே தெரியுதே."

மற்ற இருவரில் ஒருவர் வடகிழக்கு என்றார். பெரிய வாத்தியார் எழுந்து வெளியே போய் மலையை ஒரு தரம் நேரில் பார்த்துவிட்டு வந்தார். பொடி போட்டார். அரை மணி நேரம் கழித்துக் கேள்வி இப்படி அமைந்தது: "கொல்லிமலை எந்தத் திசையில் உள்ளது? அவரவர் ஊருக்குத் தக்கபடி விடை எழுதுக." பொதுக் கேள்வி தயாரிக்கும் கலையில் நாங்கள் எட்டிய உச்சம் அதுதான்.

நான் சொன்ன கேள்வி, "மேட்டூர் அணையைப் பற்றிப் பத்து வரி எழுதுக." நவீனமாக இருக்கட்டும் என்று சொன்னேன். அணையை நான் பார்த்ததில்லை என்பதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மொத்தம் ஐம்பது மார்க்கு, பதினெட்டு எடுத்தால் பாஸ் என்று வைத்தோம். பிறகு திருத்தும் ஏற்பாடு. பரீட்சை முடிந்ததும் ஆறு ஊர் விடைகளையும் ஒரே வண்டியில் பெரிய வாத்தியாரின் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து, அடுத்த சனிக்கிழமை எல்லோரும் உட்கார்ந்து மாற்றித் திருத்துவது. வழியில் உடைந்துவிட்டால் என்ன செய்வது என்று டீச்சரம்மா கேட்டார். வைக்கோல் போட்டு அடுக்கினால் உடையாது என்றார் பெரிய வாத்தியார். அவர் மருமகன் பானை வியாபாரம், அனுபவத்தில் சொல்கிறார். எல்லோரும் தலையாட்டினோம். தீர்மானம் நிறைவேறியது.

ஏன் உடையும் என்று உங்களுக்குத் தோன்றலாம். எங்கள் பிள்ளைகள் எழுதியது சிலேட்டில்.

காகிதத்தில் பரீட்சை எழுதுவது அந்தக் காலத்தில் டவுன் ஹைஸ்கூல் சங்கதி. எங்கள் பக்கத்தில் பிள்ளை சிலேட்டில் எழுதிக்கொண்டு வந்து நீட்டுவான், வாத்தியார் சாக்கட்டியால் ஒரு கோடு போடுவார், அவன் கோவை இலையால் துடைத்துவிட்டு அடுத்ததை எழுதுவான். எழுதியது நிற்கக் கூடாது என்பதற்காகவே வாங்கிய பொருள் அது. ஆறு பேரும் சேர்த்து எழுபது எண்பது வருஷம் சிலேட்டோடு குடித்தனம் நடத்தியவர்கள். சிலேட்டு உடையும் என்பது எங்களுக்கு ஞாபகம் வந்தது. அழியும் என்பது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

பரீட்சை நன்றாக நடந்தது. முன்பக்கம் கணக்கு, பின்பக்கம் மற்றதெல்லாம். மரச்சட்டத்தில் பேரை மையால் எழுதி வைத்தோம். என் ஏழு சிலேட்டுகளை நானே வண்டியில் ஏற்றினேன். நடுநடுவே வைக்கோலைத் திணித்தேன், ஒன்றோடொன்று உரசாமல், மிகவும் பொறுப்பாக. பள்ளிக்கூடம் கோடை விடுமுறைக்கு மூடியது. வண்டி மேடும் பள்ளமுமாக ஆறு ஊர் சுற்றிப் போயிற்று.

சனிக்கிழமை நாங்கள் கூடியபோது வண்டிக்காரர் வாசலில் பெருமையாக நின்றார்.

"ஒண்ணுகூட ஒடையலீங்க சாமி. வேணுமின்னா எண்ணிப் பாத்துக்குங்க."

எண்ணிப் பார்த்தோம், ஆறு ஊருக்கும் சேர்த்து அறுபது. ஒன்றுகூட உடையவில்லை. ஒவ்வொன்றும் கடையில் இருந்து அப்போதுதான் வாங்கியது மாதிரி, கன்னங்கரேலென்று பளபளவென்று இருந்தது. எங்கள் வீட்டுக் குழந்தைகள் கோவை இலை போட்டு அரைமணி நேரம் தேய்த்தாலும் அவ்வளவு சுத்தம் வராது.

பெரிய வாத்தியார் ஒரு சிலேட்டைத் திருப்பினார். பின்பக்கம் பார்த்தார். மறுபடி முன்பக்கம் பார்த்தார்.

"என்னங்க சாமி, பசங்க ஒண்ணுமே எழுதலீங்களா?" என்றார் வண்டிக்காரர் அனுதாபத்தோடு. "எல்லாமே மக்குப் பசங்களாட்டம் இருக்குதே."

அவரை மோர் சாப்பிட அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டோம். மார்க்குப் பட்டியல் திங்கட்கிழமை டிப்டி இன்ஸ்பெக்டருக்குப் போய்ச் சேர வேண்டும். நடந்ததைச் சொல்லலாம் என்றால், பதில் விளக்கம் கேட்டு மெமோ எழுதுவதையே பொழுதுபோக்காக வைத்திருந்த மனிதர் அவர். மறுபடி பரீட்சை வைக்கலாம் என்றால், பிள்ளைகள் பாதிப் பேர் கடலைக்காட்டில், பாதிப் பேர் மாமன் வீட்டில்.

பாய் வாத்தியார்தான் வழி திறந்தார். பெரிய வாத்தியாரின் பிள்ளைகள் சிலேட்டு அவர் பங்கு. ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார்.

"கணக்கெல்லாம் நல்லாத்தான் போட்டிருக்கான். கையெழுத்துத்தான் கொஞ்சம் தெளிவா இல்லை."

"அவன் எழுத்து எப்பவும் அப்படித்தான்" என்றார் பெரிய வாத்தியார் வருத்தத்தோடு.

"முப்பது போடலாமா?"

"பெருக்கல்ல ஒரு தப்புப் பண்ணியிருப்பானே? இருபத்தெட்டு போடுங்க. நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல."

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. வெறும் சிலேட்டை வைத்துக்கொண்டு அரை மார்க்குக்குச் சண்டை போட்டார்கள். 'வழி சரி, விடைதான் தப்பு' என்றார் ஒருவர். 'எழுத்துப் பிழைக்கு ஒண்ணு குறைக்கணும்' என்றார் இன்னொருவர். பெரிய வாத்தியார் ஒரு சிலேட்டைக் காட்டி, பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியிருக்கிறான் என்று குற்றம் சாட்டி, பக்கத்துப் பையன் சிலேட்டை எடுத்து ஒப்பிட்டும் காட்டினார். இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன, மறுக்க முடியவில்லை.

நான் ஒரே சந்தோஷத்தில் இருந்தேன். இந்த வேகத்தில் போனால் என் ஏழு பேரும் பாஸாகிவிடுவார்கள். ஜவுளிக்கடை கண்ணுக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. என் சிலேட்டுகள் டீச்சரம்மாவிடம் இருந்தன. திரும்பிப் பார்த்தேன். ஏழையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"டீச்சரம்மா, ஆரம்பிக்கலீங்களா?"

"எதைங்க ஆரம்பிக்கறது? எழுதாத சிலேட்டுக்கு மார்க்கு சைபர்தானுங்களே."

"எழுதினாங்க டீச்சர். நான் பார்த்தேன்."

"நீங்க பார்த்தீங்க. நான் பார்க்கலியே. ஏழு சைபர் போட்டுரட்டுங்களா?"

ஜவுளிக்கடை ஒரே தாவலில் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. பாய் வாத்தியார் சமாதானத்துக்கு வந்தார்: "விடுங்கம்மா, சேலத்து வாத்தியார் பொழப்பு இதுலதான் இருக்கு. ஒரு நாலு பேருக்கு மட்டும்..."

"அவரு பொழப்புக்கு நான் பொய்யெழுத முடியாதுங்க, பாய்." டீச்சரம்மா என் பக்கம் திரும்பினார். "ஒண்ணு செய்யலாம். உங்க பிள்ளைங்க என்ன சரியா எழுதியிருக்கும்னு சொல்லாதீங்க. அதை எந்த வாத்தியாரும் சொல்லுவாரு. எங்க தப்பு விட்டிருக்கும்னு சொல்லுங்க. ஒவ்வொரு பிள்ளையாச் சொல்லுங்க. கேட்டுட்டு மார்க்குப் போடறேன்."

பிழைப்புக்காகப் பிள்ளைகளைப் புகழ நான் தயாராக வந்திருந்தேன். பிழைப்புக்காகவே அவர்களைக் காட்டிக்கொடுக்கச் சொல்கிறார் இந்த அம்மாள். வேறு வழியில்லை. முதல் சிலேட்டின் பேரைப் படித்தார்.

"இவன் வகுத்தல்ல மீதி வந்தா ஒத்துக்க மாட்டானுங்க" என்றேன். "மீதி வந்தா கேள்விதான் தப்புன்னு முடிவு பண்ணி, மீதி வராதபடி கேள்வியில இருக்கற எண்ணை மாத்திடுவான். மாத்தின கணக்கை மட்டும் பிசகில்லாமப் போடுவான்."

டீச்சரம்மா முகத்தில் முதல் தடவையாக ஏதோ அசைந்தது. "அடுத்தது?"

"இவன் கட்டுரை எதைப் பத்திக் குடுத்தாலும் ரெண்டாவது வரியில அவங்க வீட்டு எருமைக்கு வந்துருவான். மேட்டூர் அணையா? 'மேட்டூர் அணை பெரியது. அதில் தண்ணீர் உண்டு. தண்ணீரில் எருமை படுக்கும். எங்கள் எருமை...' அங்கிருந்து எட்டு வரி எருமைதான். எழுத்துப் பிழை இருக்காது."

"எருமைக்கு ரெண்டு மார்க்குப் போடலாம். அடுத்தது?"

"இவன் தப்பெல்லாம் எருமைக்காரன் தப்பேதான். பக்கத்துலதான் உட்காருவான். ஆனா காப்பியடிக்கறப்போ அவசரத்துல எருமையை விட்டுட்டுப் படுக்கறதை மட்டும் எழுதுவான்."

இப்படியே போயிற்று. சொல்லச் சொல்ல எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பத்து மாதம் இவர்களோடு மாரடித்ததில் நான் ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அது உண்மைதான். ஆனால் ஒவ்வொருவனும் எந்தத் திருப்பத்தில் குழியில் விழுவான் என்பது எனக்கு அத்துபடியாக இருந்தது. மற்ற வாத்தியார்களும் தங்கள் சிலேட்டை வைத்துவிட்டு எங்களைச் சுற்றி வந்து உட்கார்ந்தார்கள். பெரிய வாத்தியார் பொடி போடவும் மறந்தார்.

ஆறு பேர் முடிந்தது. டீச்சரம்மா கூட்டினார். என் வாயாலேயே மூன்று பேர் பாஸ், மூன்று பேர் பெயில். எருமை பதினாறில் நின்றுவிட்டது.

"ஏழாவது" என்றார் டீச்சரம்மா. ஒரு பெண் பேரைப் படித்தார். வகுப்பில் ஒரே பெண் அதுதான். "இது எங்க தப்பு விடும்?"

சிலேட்டைப் பார்த்தேன். அந்தப் பெண் கடைசியில் உட்காரும். கேட்டால் பேசும், கேட்காவிட்டால் பேசாது, நான் கேட்டதில்லை. சிலேட்டை நீட்டும், கோடு போட்டுக் கொடுப்பேன்.

"தப்பு... விடாதுன்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்களா? கோடு போட்டீங்கல்ல? எதைப் பார்த்துப் போட்டீங்க?"

"சரியாத்தான் இருக்கும்னு..."

"பார்க்காமயே போட்டீங்களா?"

பெரிய வாத்தியார் கூரையைப் பார்த்தார். பாய் வாத்தியார் தரையைப் பார்த்தார். பார்க்காமல் கோடு போடாத வாத்தியார் அந்த அறையில் ஒருவர்தான். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு நான் இப்ப மார்க்குப் போட மாட்டேன். நாளைக்கு மாதாகோவில் முடிஞ்சு உங்க ஊருக்கு வாரேன். அந்தப் பிள்ளைகிட்டயே கேட்டுக்கலாம்" என்றார்.

மறுநாள் அந்தப் பெண்ணைக் கடலைக்காட்டில் கண்டுபிடித்தோம். தோட்டத்துக் கிணற்றடியில் அவளும் அவள் அம்மாவும் கடலைச் செடி பிடுங்கிக் காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். டீச்சரம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார், கேள்வித்தாளைப் பிரித்தார். நான் கொஞ்சம் தள்ளி, வெயிலில், என் வருங்காலத்தோடு நின்றேன்.

"கண்ணு, அன்னைக்குப் பரீட்சையில கேட்டதை இப்பக் கேக்கறேன். வாயாலயே சொல்றியா?"

அந்தப் பெண் காய் ஆய்வதை நிறுத்தவில்லை. "அன்னைக்கே எழுதிக் குடுத்தனுங்களே."

"குடுத்தே. மறுபடி சொல்லு."

"ஏனுங்க, அதைத் தொலைச்சுப்போட்டீங்களா?"

டீச்சரம்மா என்னைப் பார்த்தார். நான் கிணற்றைப் பார்த்தேன்.

"ஆமா" என்றார் டீச்சரம்மா. பொய் சொல்லாத பெண்மணி.

"அத்தனை சிலேட்டையுங்களா?"

"சிலேட்டெல்லாம் இருக்குது. எழுதினதுதான் இல்லை."

அவள் முதல் தடவையாக நிமிர்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நாங்க பலப்பத்தத் தொலைச்சா முட்டி போடச் சொல்றாங்க" என்றாள், பொதுவாக, கடலைச்செடியிடம்.

அவள் அம்மா, "ஏய், வாத்தியார்கிட்ட வாயாடாத" என்று அதட்டினாள். ஆனால் அந்த அம்மாளும் என்னை முட்டி போடச் சொல்வதில் தனக்கு ஆட்சேபம் இல்லை என்பது போலத்தான் பார்த்தாள்.

பிறகு டீச்சரம்மா கேட்டார், அவள் சொன்னாள். கை பாட்டுக்குக் காயைக் கூடையில் போட, வாய் பாட்டுக்கு விடை வந்தது. கணக்கு நாலும் மனசிலேயே. மீதி வந்த இடத்தில் மீதியைச் சொன்னாள். கொல்லிமலையைக் கேட்டபோது வாயால் சொல்லாமல் கையிலிருந்த செடியை நீட்டிக் காட்டினாள். மலை அங்கேதான் இருந்தது. மேட்டூர் அணைக்கு வந்தது.

"அணைய நான் பாத்ததில்லீங்க" என்றாள்.

"சரி. அன்னைக்கு என்ன எழுதினே?"

"அதைத்தானுங்க எழுதினேன். 'மேட்டூர் அணையை நான் பார்த்ததில்லை. எங்கள் அப்பாவும் பார்த்ததில்லை. வாத்தியார் பார்த்திருக்கிறாரா என்று தெரியவில்லை.'"

"பத்து வரி எழுதச் சொல்லிருக்குதே?"

"ஊர்ல இன்னும் யாராரு பாக்கலைன்னு மீதிய எழுதினனுங்க. பத்து வந்துருச்சு."

டீச்சரம்மா பென்சிலை உதட்டில் வைத்துக்கொண்டு வெகு நேரம் யோசித்தார். என் பக்கம் திரும்பி, "நீங்க பார்த்திருக்கீங்களா?" என்றார்.

"இல்லீங்க."

"அப்ப விடை சரிதான்" என்று முழு மார்க்கும் போட்டார். மொத்தம் நாற்பத்தைந்து. நாலாவது பாஸ். கடலைக்காட்டின் நடுவில் எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருந்ததால் செருப்பை மட்டும் ஒரு தரம் சரிசெய்துகொண்டேன்.

பட்டியல் போயிற்று. பதிலும் வந்தது. பொதுப் பரீட்சை மிகச் சிறப்பாக நடந்ததாக டிப்டி இன்ஸ்பெக்டருக்குப் பரம திருப்தி. என் ஐந்தாம் வகுப்பு தொடரலாம். ஆனால் அடியில் ஒரு வரி: பள்ளிக்கூடம் திறக்கிற அன்று வகுப்பில் குறைந்தது ஐந்து பேர் இருக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாஸான நாலு பேர் போய்விட்டார்கள். அந்தப் பெண்ணை டீச்சரம்மாவே தன் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார். நாலாம் வகுப்பிலிருந்து மேலே வருகிறவர்கள் இரண்டே பேர். பெயிலான மூன்று பேரைச் சேர்த்தால் ஐந்து. ஒரு தலை குறைந்தாலும் வகுப்பு இல்லை. நாலு பேர் பாஸாக வேண்டும் என்று இத்தனை பாடுபட்டவன், மூன்று பேர் பெயிலானதற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின நாள் எருமைக்காரப் பையனின் அப்பா வந்தார். கையில் சாட்டையோடு வந்தார். மாட்டுக்குத்தான் என்றாலும் எனக்குச் சற்று சங்கடமாக இருந்தது.

"ஏனுங்க வாத்தியாரே, பொட்டப்புள்ள பாசாம், எம்பையன் பெயிலாம். ஊர்ல தலை காட்ட முடியலீங்க. இனி அவன் படிச்சுக் கிழிச்சது போதும். நாளையிலிருந்து எருமை மேய்க்கட்டும். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

என் ஐந்தாம் வகுப்பு எருமை மேய்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தது. ஜவுளிக்கடையில் இரண்டு வருஷம் வராத வியாபாரப் பேச்சு அன்றைக்கு எனக்கு வந்தது.

"உட்காருங்க. உங்க பையன் சாதாரணப் பையனில்லை. நெஜமாச் சொல்றேன், உங்க பையன் மட்டும் இல்லைன்னா இந்த ஊர்ல அஞ்சாங் கிளாஸே கெடையாது."

அவர் சந்தேகமாகப் பார்த்தார். "நெசமாலுமுங்களா?"

"டிப்டி இன்ஸ்பெக்டர் எழுதின காகிதமே இருக்கு. உங்க பையன் நாளைக்கு வரலைன்னா வகுப்பை எடுத்துருவாங்க."

"எம்பையனுக்காகவா?"

"உங்க பையனை நம்பித்தான் இருக்குது."

இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. டீச்சரம்மா எதிரில்கூடச் சொல்லியிருப்பேன். அவர் சாட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். போகும்போது, "ஆனானப்பட்ட அதிகாரிக்கே எம்பையனத் தெரிஞ்சிருக்குது பாருங்க" என்று வாசலில் யாரிடமோ சொல்வது கேட்டது.

மறுநாள் எருமைக்காரன் தலைவாரி, பொட்டு வைத்து, முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தான். ஐந்து பேர் ஆயிற்று. இரண்டு நாள் கழித்து, பாஸான பையன் ஒருவனின் அப்பா தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"அந்தப் பையனுக்கு மட்டும் அத்தனை பெருமையாமே. எங்கூட்டுப் பையனையும் இன்னொரு வருசம் அஞ்சாங் கிளாஸ்லயே போட முடியுமுங்களா?"

போட்டேன். ஆறு பேர்.